பெரியவன் காருல ஏறுன டப்பாக்காரி

இந்த கதைய நான் சொன்னது தெரிஞ்சா என் பெரிய மருமவ எனுக்கு ரெண்டு நாளு சோறு போடமாட்டா. பரவால்ல, சின்ன மருமவ வூட்ல போயி துன்னுக்கறேன். அவ வெக்கிற கொழம்பு கழனித்தண்ணியாட்டம் இருக்கும். ஆனா இந்த கதைய இன்னொரு வாட்டி சொல்றேன்னு சொன்னா போதும், முட்ட அவிச்சி வெச்சி பக்கத்துல குந்திக்குவா.

எனுக்கு ரெண்டு ஆம்பள புள்ள, ஒரு பொண்ணு. புள்ளைங்க ரெண்டு பேரும் கள்ளக்குறிச்சில ஒரே தெருவுல இருக்கறானுங்க. பெரியவன் கரும்பு, மரவள்ளி போடறான். சின்னவன் பம்புசெட்டு கட வெச்சிருக்கறான். பெரியவன் வூட்டு மாடில நின்னு துப்புனா சின்னவன் வூட்டு வாசல்ல வுழும். நான் துப்பி பாத்திருக்கறேன்.

பெரியவனுக்கு கண்ணாலம் ஆயி ரொம்ப வருசம் ஆச்சி, புள்ள கெடையாது. கோயிலு, ஆஸ்பத்திரின்னு சுத்தி சுத்தி வந்தாங்க புருசனும் பொண்டாட்டியும். ஒண்ணும் ஆவல. கடைசில ஒரு பழைய வெள்ள காரு வாங்குனான். ரிட்டேர் ஆன வாத்தியாரு ஒருத்தரு ஓட்டுன வண்டி. அத தெனம் குளிப்பாட்டுவான், தொடைப்பான், ஒரு கீறல் வுழுந்தா மூஞ்ச தொங்க போட்டுக்கினு திரிவான்.

"இன்னாடா, புள்ளைக்கு பவுடர் போடலியா?"ன்னு நான் கேப்பேன்.

அவன் சிரிப்பான். அவன் பொண்டாட்டி சிரிக்கமாட்டா. உள்ள பூடுவா. கொஞ்ச நேரம் பாத்திரம் உருள்ற சத்தம் ஜாஸ்தியா கேக்கும்.

சின்னவன் போன தைல புது காரு எடுத்தான். முன்னாடி நடுவுல டிவியாட்டம் ஒண்ணு. அதுல ரோடு தெரியும், நம்ம வண்டி எங்க போவுதுன்னு அம்புக்குறி ஒண்ணு ஊந்துக்கினே வரும், ஒரு பொம்பள இங்கிலீசுல லெப்ட்டு, ரைட்டுன்னு சொல்லிக்கினே வருவா. அது கம்பெனிலயே வெச்சி குடுக்கறதாம். என் சின்ன மருமவ தெருவுல போறவங்கள எல்லாம் கூப்புட்டு குந்த வெச்சி காட்டுனா. ஓர்ப்படிய வுடுவாளா? அவளையும் கூப்புட்டு காட்டுனா. காட்டிட்டு, பெரியவன் வண்டில தலைய வுட்டு பாத்தா.

"ஏன்க்கா, உங்க வண்டில அந்த எடத்துல வெறும் பிளாஸ்டிக்க வெச்சி அடச்சிருக்குது? பல்லு போன கெழவி வாயாட்டம் இருக்குதுக்கா."

பல்லு போன கெழவி நாந்தான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். நாந்தான் மொதல்ல சிரிச்சேன். அன்னிலருந்து பெரியவன் காருக்கு பொக்கவாயின்னு பேரு வெச்சிட்டேன். "பொக்கவாய எட்றா, சந்தைக்கு போவணும்", "பொக்கவாய்க்கு பெட்ரோல் போட்டியாடா?" இப்புடித்தான். சின்னவன் பசங்க ரெண்டும் அதையே புடிச்சிக்கினு பாட்டா பாடுச்சிங்க.

இதுவரைக்கும் வெளையாட்டு. இதுக்கு மேலதான் வெனை.

என் பொண்ணுக்கு ஒரே ஒரு பொண்ணு, மூணு வயசு. அதுக்கு மொட்ட அடிச்சி காது குத்தணும். எங்க பக்கம் காது குத்துனா புள்ள தாய்மாமன் மடிலதான் குந்தணும். ரெண்டு மாமன் இருந்தா மூத்தவன் மடி. இதுல பேச்சே கெடையாது. அந்த புள்ள பொறந்த அன்னிக்கே பெரியவன் அதுக்கு கம்மல் செஞ்சி வெச்சிட்டான். சும்மா சொல்லக்கூடாது, அந்த புள்ளைக்கு காச்சல் வந்தா அவன் போயி ஆஸ்பத்திரில குந்திக்குவான், பெத்தவன் வூட்ல கிரிக்கெட் பாப்பான். பெரியவன் மடில உரிமையா ஏறி குந்தப்போற புள்ள ஒலகத்துல அது ஒண்ணுதான். அத அவன் வாய தொறந்து சொன்னதில்ல. அவன் பொண்டாட்டி சொன்னா, எங்கிட்ட இல்ல, அடுப்பங்கரைல சாமி படத்துக்கிட்ட. நான் ஒட்டு கேட்டேன்.

என் சம்மந்தியம்மா, அதான் என் பொண்ணோட மாமியா, அவ ஒரு தினுசு. நேரா திட்டமாட்டா, தேன்ல தோச்சி ஊசிய ஏத்துவா. நாளு குறிக்க வந்தவ எங்க வூட்டு நாற்காலில குந்திக்கினு காப்பிய ஊதி ஊதி குடிச்சா.

"நம்ம குலதெய்வ கோயிலு கரியாலூருக்கு இந்தாண்ட மலை மேல இருக்குது. வெள்ளிக்கெழம ராவுகாலம் பொறக்கறதுக்குள்ள குத்தியாவணும். பெரியவரு மடின்னா எங்களுக்கும் சந்தோசம்தான். இல்லங்கல. ஆனா எங்க சனத்துல நாலு பேரு நாலு பேசுவாங்க. புள்ள குட்டி இருக்கறவங்க மடின்னா அந்த புள்ளைக்கும் நல்லதுன்னு…"

என் பெரிய மருமவ காப்பி டம்ளர எடுக்க வந்தவ அப்புடியே நின்னுட்டா.

நான் சொன்னேன், "சம்மந்தி, குத்தப்போறது காத. மடிய இல்ல."

அவ சிரிச்சிக்கினே, "அட, நான் இன்னா வேணாம்னா சொன்னேன்? மூத்தவருக்குத்தான் மொத மரியாத. நேரத்துக்கு வந்துட்டா அவரு மடி. அந்த பழைய வண்டி மலை ஏறி, வழி தெரிஞ்சி வந்து சேரணுமேன்னுதான். வரலன்னா நல்ல நேரத்த வுடமுடியாது பாருங்க, சின்னவரு இருக்கறாரு"ன்னு சொல்லிட்டு கெளம்பிட்டா.

பெரியவன் அந்த கோயிலுக்கு போனதே இல்ல. நான் போயிருக்கறேன், பொண்ணோட பஸ்ல, பொங்க வெக்கறதுக்கு பல வாட்டி. சின்னவன், "அண்ணே, என் வண்டி பின்னாடியே வந்துடு, வழி நான் காட்றேன்"ன்னான். நல்லாத்தான் சொன்னான். ஆனா பெரியவன் பொண்டாட்டிக்கு பொத்துக்கினு வந்துடுச்சி. "மூத்த தாய்மாமன் சீரு எடுத்துக்கினு போறது தம்பி வண்டி புகைய குடிச்சிக்கினா? நமக்கும் அந்த வழி சொல்ற பொட்டிய வையிங்க"ன்னா.

போன் வெக்கிற ஸ்டாண்டு வாங்கி கண்ணாடில ஒட்டிக்கலாம், ஊரே அப்புடித்தான் ஓட்டுது. அது கூடாதாம். கம்பெனிலருந்தே வந்த மாதிரி, அந்த பொக்க வாயில பல்லு மொளச்ச மாதிரி வேணுமாம். அதே காருல ஒசந்த மாடல்னு ஒண்ணு வந்துச்சாம், அதுல அந்த கம்பெனி பொட்டி இருந்துச்சாம். பழைய காருங்கள பிரிச்சி போட்டு விக்கிறாங்களே மெட்ராஸ்ல, அங்கருந்து ஒண்ணு புடிச்சி தரேன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் காருக்கு பாட்டு பொட்டி மாட்ற தம்பி ஒருத்தன் சொன்னான்.

மாட்றத பாக்க நானும் போயி ஒரு ஸ்டூல போட்டு குந்திக்கினேன். எனுக்கு வேற இன்னா வேல? அந்த தம்பி வண்டி மூஞ்ச பிரிச்சான். பிளாஸ்டிக்கு டிக்கு டிக்குன்னு கழண்டு வந்துச்சி. உள்ள பாத்தா ஒயரு, ஆட்டு கொடல கழுவ கொட்டி வெச்ச மாதிரி. பெரியவன் ஆப்பரேசன் தியேட்டர் வாசல்ல நிக்கிற புருசனாட்டம் கைய பெசஞ்சிக்கினு நின்னான்.

"வலிக்கப்போவுது, கொஞ்சம் மெதுவா உருவுப்பா"ன்னேன்.

"சும்மா இரு எம்மா!"

பொட்டிய மாட்டி சாவி போட்டா, ரகசிய நம்பர் கேக்குது. இது தன்னோட வண்டி இல்லன்னு அதுக்கு தெரிஞ்சிடுமாம். தாலி கட்டுனவன் வூட்ட வுட்டு வேற வூட்டுக்கு வந்த பொம்பளைக்கி இருக்கற புத்தி பாரு. அந்த தம்பி மெட்ராசுக்கு போன் போட்டு நம்பர வாங்கி தட்டுனான். பளிச்சுன்னு எரிஞ்சிச்சி. அப்பால ரெண்டு ஒயரு காட்டுனான். ஒண்ணு சக்கரம் சுத்தறத பொட்டிக்கு சொல்ற ஒயரு. இன்னொரு ஒயரு நுனில தேஞ்ச சோப்பு துண்டாட்டம் ஒண்ணு, அத நடு டேஷ்போர்டுக்கு அடில, பிளாஸ்டிக்குக்கு கீழ ஒட்டுனான்.

"அண்ணா, இதான் கண்ணு. வானத்த பாத்துதான் நம்ம எங்க இருக்கறம்னு கண்டுபுடிக்கும். இது மேல இரும்பு கிரும்பு ஒண்ணும் வெக்காதீங்க."

"வானம் தெரியலன்னா?"

"சக்கரத்த வெச்சி குத்துமதிப்பா கொஞ்ச தூரம் ஓட்டும்ணா. ஆனா ரொம்ப தூரத்துக்கு நம்பமுடியாது."

பெரியவன் தலைய ஆட்டுனான். ஆட்டிக்கினே பொட்டிய போட்டா புடிச்சி சின்னவனுக்கு அனுப்புனான்.

மறுநாளு தியாகதுருகம் வரைக்கும் போனோம். அதுக்கு மறுநாளு எலவனாசூர்கோட்டைக்கு. ஆடு மாடு கூட கண்ண மூடிக்கினு போற ரோடு. அந்த பொட்டில இருக்கற பொம்பள ஒவ்வொரு திருப்பத்துக்கும் வழி சொன்னா, இவனும் பயபக்தியா கேட்டுக்கினு ஓட்டுனான். அவளுக்கு நான் டப்பாக்காரின்னு பேரு வெச்சேன்.

"கட்டுன பொண்டாட்டி சொன்னா ஒரு நாளு கேட்டிருக்கியாடா இப்புடி?"

"அவ திட்டாம சொல்றா எம்மா."

முன்னாடி குந்திக்கினு இருந்த மருமவளுக்கே சிரிப்பு வந்துடுச்சி. ரொம்ப நாளைக்கி அப்பால அந்த வண்டில மூணு பேரும் ஒண்ணா சிரிச்சது அன்னிக்கிதான்.

சின்ன மருமவளுக்கு அந்த சிரிப்பு ஆவல. வந்து பொட்டிய தொட்டு பாத்தா, ஷோக்கா இருக்குதுன்னா, போவும்போது வாசல்ல நின்னு மெதுவா வெச்சா ஆப்பு.

"பழைய வண்டிலருந்து கழட்டுனதாமேக்கா? ஆக்சிடன்ட் ஆன வண்டியா இருக்கப்போவுது. நசுங்குன வண்டியத்தான் அங்க பிரிப்பாங்களாம். ஓட்டுனவன் பொழச்சானோ இன்னாவோ. புள்ள காது குத்துக்கு வேற இதுல போறீங்க. பாத்துக்கோங்க."

அவ்வளவுதான். பெரியவ அன்னிக்கி சோறு துன்னல. தூக்கம் இல்ல. செத்தவன் பொட்டி ஒரு பக்கம், ஓர்ப்படி கண்ணு ஒரு பக்கம். தியாகதுருகத்துல ஒரு பூசாரி எந்திரம் எழுதி குடுப்பாருன்னு கேள்விப்பட்டு பஸ் ஏறி போனா. உள்ளங்கை ரெண்ட சேத்து வெச்ச அகலத்துக்கு செப்பு தகடு, அதுல கட்டம் கட்டமா எழுத்து, மஞ்ச, குங்குமம். வண்டிக்கு நடுவுல, ரோட்ட பாக்கற மாதிரி ஒட்டணும்னு சொல்லி அனுப்பியிருக்கறாரு.

வியாழக்கெழம சாயங்காலம் வண்டிக்கு பூச போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அந்த தகட்ட எடுத்தாந்தா. நடு டேஷ்போர்டுல வெச்சா.

பெரியவன் கொஞ்சம் யோசன பண்ணான். "இங்கியா? அந்த தம்பி இந்த எடத்துல ஒண்ணும் வெக்கக்கூடாதுன்னான்."

"இன்னா வெக்கக்கூடாதுன்னாரு?"

"இரும்பு."

"இது இன்னா இரும்பா? செம்பு. அதுவும் பூச பண்ண செம்பு. கோயிலு கலசத்துக்கே செம்புதான் வெக்கிறாங்க, வானத்துல இருக்கற சக்தி எறங்கட்டும்னு."

அவனுக்கு அது நாயமா பட்டுச்சி. இன்னும் சொல்லப்போனா எனுக்கும் பட்டுச்சி. செம்பு சக்திய இழுக்கும், டப்பாக்காரிக்கி இன்னும் நல்லாத்தான் கண்ணு தெரியும்னு மூணு பேரும் முடிவு பண்ணோம். ரெண்டு பக்கமும் ஒட்ற டேப்பு இருக்குதே, அத தகடு பூரா ஓட்டி, அமுத்தி அமுத்தி ஒட்டுனா மருமவ. ஓர்ப்படி கழுத்த அமுத்தற மாதிரி அமுத்துனா.

வெள்ளிக்கெழம வெடிய காத்தால கெளம்புனோம். சின்னவன் வூட்டு கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே. முன்னாடி அவங்க ரெண்டு பேரு, பின்னாடி நானு, எம்பக்கத்துல சீரு தட்டுங்க, பட்டுப்பாவாட, வளையலு, பழம். கம்மல் பெரியவன் சட்ட பாக்கெட்டுல. தொட்டு தொட்டு பாத்துக்கினே ஓட்டுனான்.

கச்சிராயபாளையம் வரைக்கும் டப்பாக்காரி ஒழுங்காத்தான் வந்தா. அணைய தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் அவளுக்கு பித்தம் தலைக்கேறிடுச்சி. வளைவே இல்லாத எடத்துல ரைட்டுன்னா. ஒரு எடத்துல லெப்ட்டுன்னா, லெப்ட்டுல பாத்தா வெறும் பள்ளம், கீழ மரத்து உச்சிதான் தெரியுது.

"போடா, அவ சொல்றா இல்ல? மூணு பேரும் ஒரேயடியா போயி சேந்துடலாம். சீரு தட்டு வேற இருக்குது, போற எடத்துல வெறுங்கையோட போனம்னு இருக்காது."

"மலைல கொஞ்சம் முன்ன பின்ன காட்டும் எம்மா."

அப்பால ஒரு எடத்துல நெசமாவே ரோடு ரெண்டா பிரிஞ்சிச்சி. நேரா போற ரோடு கோயிலுக்கு. பஸ்ஸு அதுலதான் போவும். முனைல ஒரு பெரிய பலா மரம், அடில டீக்கட. டப்பாக்காரி லெப்ட்டுன்னா.

"டேய், நேரா போடா. பலா மரம் இதான்."

"எம்மா, கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு வரியா? அது வானத்துலருந்து பாக்குது. நீ பஸ்ஸு ஜன்னல்லருந்து பாத்தவ."

மருமவளும் திரும்பி, "அத்த, கம்பெனி பொட்டிக்கு தெரியாததா உங்களுக்கு தெரியும்?"ன்னா.

சரின்னு மடில இருந்த வெத்தலய எடுத்தேன், காம்ப கிள்ளுனேன், சுண்ணாம்பு தடவுனேன், வாயில போட்டு மூடிக்கினேன். மூட சொன்னாங்க, மூடிட்டேன். பெத்த தாயி புள்ள சொல்ற பேச்ச கேக்கணுமா இல்லியா?

வண்டி லெப்ட்டுல போச்சி. தார் ரோடு சிமிட்டி ரோடு ஆச்சி. சிமிட்டி ரோடு மண்ணு ரோடு ஆச்சி. அப்பால ஒரு வண்டி மட்டும் போற தடம், ரெண்டு பக்கமும் மரவள்ளி, ஊந்து ஊந்து போறதுக்குள்ள வெயிலு ஏறிடுச்சி. கடைசில ஒரு ஓட்டு வூடு, அதோட வழி முடிஞ்சிச்சி. ரெண்டு ஆடு ஹெட்லைட்ட மோந்து பாத்துச்சி. டப்பாக்காரி இன்னும் நேரா போ நேரா போன்னு சொல்லிக்கினு இருந்தா. நேரா போனா அந்த வூட்டு அடுப்பங்கர.

வூட்டு பொம்பள வெளிய வந்து சீரு தட்டையும் எங்க பட்டுப்பொடவையையும் பாத்தா.

"பொண்ணு கேட்டு வந்தீங்களா? எங்க வூட்ல பொண்ணு இல்லியே."

"கோயிலுக்கு போவணும்மா"ன்னான் பெரியவன்.

"கோயிலா? அதோ." பள்ளத்துக்கு அந்தாண்ட கைய காட்டுனா.

எதுத்த சரிவுல பச்ச, மஞ்ச பந்தலு. கை நீட்டுனா தொடலாம் போல. நடுவுல பள்ளம். மேளம் கேக்குது. ஒலிபெருக்கி கட்டியிருக்கறாங்க, மைக்குல பேசறது பக்கத்து வூட்ல பேசறாப்புல வருது.

"புள்ளையோட பெரிய தாய்மாமன் எங்கிருந்தாலும் ஒடனே பந்தலுக்கு வரவும்."

பெரியவன் எறங்கி நின்னு அந்த பக்கம் கைய ஆட்டுனான். மலைக்கு அந்தாண்ட இருக்கறவங்களுக்கு கைய ஆட்டுனா தெரியுமா? ஓடிவந்து வண்டிய ரிவர்ஸ் எடுத்தான். பின் சக்கரம் மரவள்ளி கொல்லைல எறங்கி உக்காந்துக்கிச்சி. சுத்துது, மண்ண வாரி அடிக்குது. வண்டிய தள்ள எறங்குன மருமவ பட்டுப்பொடவ பூரா சேறு.

"பெரிய தாய்மாமன், பெரிய தாய்மாமன், நல்ல நேரம் போவுது, ஒடனே வரவும்."

வூட்டு பொம்பள, "அந்த பாறை மேல ஏறுனா போனுக்கு டவரு கெடைக்கும்"ன்னா. பெரியவன் ஓடி ஏறுனான். நான் கீழருந்து கத்துனேன், "தங்கச்சிக்கு போன் போட்றா! செத்த நேரம் நிறுத்த சொல்லு!"

இப்ப அவன் இன்னா பண்ணியிருக்கணும்? சின்ன கொழந்த கூட சொல்லும். அவன் பொட்டி மாட்டுன தம்பிக்கி போட்டான். ஆத்திரம். வாயில வந்த வார்த்தை எல்லாம் கொட்டுனான். எல்லாத்தையும் கேட்டுட்டு அந்த பக்கத்துலருந்து அந்த தம்பி ஒண்ணுதான் கேட்டிருக்கறான்.

பெரியவன் பாறை மேல நின்னுக்கினே திரும்பி வண்டிய பாத்தான். அப்பால பொண்டாட்டிய பாத்தான்.

"செப்பு தகடு ஒண்ணு"ன்னான் போனுல. "இரும்பு இல்ல தம்பி. செம்பு…"

அதோட டவரு பூடுச்சி. தங்கச்சிக்கு போட்டு போட்டு பாத்தான், போவல.

கீழ எறங்கி வந்தான். தகட்டு ஓரத்துல நகத்த வுட்டு இழுத்தான், வரல. சாவிய வுட்டு நெம்புனான். அவன் பொண்டாட்டி அம்மாம் பாசமா அமுத்தி ஒட்டுனது, வருமா? கடைசில பிடுங்குன பிடுங்குல டேஷ்போர்டு தோலையும் சேத்து பேத்துக்கினு வந்துச்சி. பொட்டில அந்த அம்புக்குறி ஒரு துள்ளு துள்ளி எகிறுச்சி, நெசமா நாங்க நின்ன எடத்துக்கு வந்து குந்துச்சி. டப்பாக்காரி மரியாதையா, வந்த வழியே திரும்பி போங்கன்னா.

அந்த நேரம் பாத்து மைக்கு மறுபடியும் கத்துச்சி.

"சின்ன தாய்மாமன் மேடைக்கு வரவும்."

ஒரு வாட்டிதான் கூப்புட்டாங்க. அவன் பக்கத்துலயே இருந்தான் போல. மேளம் சத்தம் ஒசந்துச்சி. அப்பால, அந்த மேளத்த கிழிச்சிக்கினு புள்ள அலற்ற சத்தம். காது குத்தும்போது புள்ள அழுவுற சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னுதான் மேளத்த வேகமா அடிப்பாங்க. எங்களுக்கு அம்மாம் தூரத்துலயும் கேட்டுச்சி, மைக்கு பக்கத்துலயே வெச்சி குத்தியிருக்கறாங்க. பெரியவன் ஸ்டேரிங்க புடிச்சிக்கினு அத பூரா கேட்டான். ஒரு காது. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு காது. அவன் பொண்டாட்டி சேத்துல அப்புடியே குந்திட்டா.

நான் வெத்தலய துப்பிட்டேன். எனுக்கே அதுக்கு மேல மெல்ல முடியல.

வூட்டு பொம்பளயும் அவ புருசனும் வந்து தள்ளி வுட்டாங்க. கோயிலுக்கு போயி சேந்தப்ப மொட்ட, காது, எல்லாம் முடிஞ்சி பந்தி ஓடிக்கினு இருந்துச்சி. சம்மந்தியம்மா வாசலுக்கே வந்தா.

"வாங்க, வாங்க. எவ்வளவு வாட்டி மைக்குல கூப்புட்டோம். சாமிக்கே இஷ்டம் இல்ல போல, நாம இன்னா பண்றது? மொதல்ல சாப்புடுங்க."

"சாமிக்கு இஷ்டம் இல்லியோ, சாமியாட்டம் குந்திக்கினு இருக்கறவங்களுக்கு இஷ்டம் இல்லியோ"ன்னேன். அவ காதுல வுழாத மாதிரி என் புள்ளைய பாத்து கைய நீட்டுனா. "அந்த கம்மல குடுங்க தம்பி. எதுக்கு வீணா போவணும்? ரெண்டாவது ஜோடியா இருக்கட்டும்."

அப்பதான் எனுக்கு உறச்சிச்சி. கம்மல் இவன் பாக்கெட்டுல இருக்குது, அப்ப அங்க எத வெச்சி குத்துனாங்க? சின்ன மருமவள பாத்தேன். அவ முந்தானைய சரி பண்ணிக்கினா.

"எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஜோடி செஞ்சி எடுத்தாந்தேன் அத்த."

"எப்ப செஞ்ச?"

"நாளு குறிச்ச அன்னிக்கே."

பெரியவ சேத்து பொடவையோட நின்னு அவள பாத்தா. அங்க ஒரு கொல வுழுந்திருக்கணும். பந்தில எல வேற பத்தல, சத்தம், ஆளுங்க குறுக்கால போயிக்கினு இருந்தாங்க, அதால வுழல. பெரியவன் பாக்கெட்டுலருந்து கம்மல எடுத்து சம்மந்தி கைல குடுத்துட்டான்.

அந்த நேரத்துல சின்னவன் புள்ளைய தூக்கிக்கினு வந்தான். மொட்ட தல பூரா சந்தனம், ரெண்டு காதுலயும் ரத்தம் பொட்டாட்டம் காஞ்சி கெடக்குது. ஊருக்கே காட்டணும்னு சிரிச்சிக்கினே, "என் தங்கம், சின்ன மாமா மடிலதான குந்துன? சின்ன மாமாக்கு ஒரு முத்தம் குடு"ன்னு மூஞ்ச கிட்ட கொண்டு போனான்.

அந்த புள்ளைக்கு சீரு தெரியுமா, முற தெரியுமா? கைய கால அமுக்கி புடிச்சிக்கினு தன் காதுல ஊசிய ஏத்த வெச்சவன் இவன்தான். அது ஒண்ணுதான் அதுக்கு தெரியும். கன்னத்த தொட்டு காட்டுன அவன் கைய ரெண்டு கையால புடிச்சி, வெரல வாயில வெச்சி கடிச்சிச்சி பாரு. சின்னவன் கத்துன கத்துல மேளக்காரன் திரும்பி பாத்தான். வுடல. பால் பல்லுக்கு அம்மாம் பலம் இருக்குதுன்னு எனுக்கு அன்னிக்கித்தான் தெரியும். நாலு பேரு சேந்து வாய பிரிச்சோம். ரத்தம்.

அப்ப பின்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சி. அழுவுறானோன்னு திரும்பி பாத்தேன். பெரியவன் சிரிக்கறான். வவுத்த புடிச்சிக்கினு, கண்ணுல தண்ணி வர, தம்பி வெரல்ல ரத்தம் சொட்டறத பாத்து பாத்து சிரிக்கறான். நல்லவன், நல்லவன்னு ஊரே சொல்ற புள்ள. இது யாரு வயித்துல பொறந்ததுன்னு அம்மாம் நாளா எனுக்கே சந்தேகம் இருந்துச்சி. அன்னிக்கி தீந்துடுச்சி.

அந்த புள்ள அவன்கிட்ட தாவிச்சி. அவன் தூக்கப்போனான். சம்மந்தியம்மா நடுவுல வந்து, "வேணாம், தூங்கற நேரம்"னு புள்ளைய வாங்கி தோள்ல போட்டுக்கினு உள்ள பூட்டா. அந்த புள்ள அவ தோளுக்கு மேல தலைய நீட்டி இவனையே பாத்துக்கினு போச்சி. இவன் நீட்டுன கைய இன்னா பண்றதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் அப்புடியே வெச்சிக்கினு நின்னான்.

எறங்கும்போது சின்னவன் வண்டி முன்னாடி, நாங்க பின்னாடி. வெரல்ல துணி சுத்திக்கினு ஒத்த கையால மெதுவா ஓட்டுனான், அவன முந்தவும் எடம் இல்ல. அணை வரைக்கும் அவன் புகையத்தான் குடிச்சோம். டப்பாக்காரி இப்ப ஒரு திருப்பம் தப்பாம சொன்னா.

"இப்ப பாரு, இன்னா கரெக்டா சொல்றா"ன்னேன்.

மருமவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா. நான் வுடுவனா? "போவும்போது குருடி, வரும்போது கண்ணாத்தா. நல்ல கம்பெனி பொட்டிடா."

என் மருமவ காலுக்கடில கெடந்த அந்த தகட்ட எடுத்தா. ஒட்டுன டேப்பும் டேஷ்போர்டு தோலும் அதுல தொங்குது. பின்னாடி திரும்பி அத என் மடில வெச்சா.

"இத நீங்களே வெச்சிக்கோங்க அத்த. நான்தான் தப்பான எடத்துல ஒட்டிட்டேன். இந்த வூட்ல கொள்ளிக்கண்ணு யாருதுன்னு தெரியாம ஓர்ப்படிய நெனச்சி பயந்துக்கினு இருந்தேன். உங்க நெத்திலதான் ஒட்டியிருக்கணும்."

இம்மாம் வருசத்துல அவ எனுக்கு சொன்ன மொத பதிலு. நல்லா இருந்துச்சி.

முன்னாடி சின்னவன் வண்டில செவப்பு லைட்டு எரிஞ்சிச்சி, ஒத்த கையால வளைவ திருப்ப முடியாம நிறுத்திட்டான். பெரியவன் அத பாத்து மறுபடியும் சிரிக்க ஆரம்பிச்சான்.